சத்தம் வெளியே வராது

மத்தியான ஷிப்டுக்குச் சங்கு ஊதியபோது வஞ்சுளவல்லியின் காதில் போன் ரிசீவர் இருந்தது. மறுமுனையில் யாரும் பேசவில்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கூரையிலிருந்து கிளம்பிய சங்கு ஜன்னல் வழியாக அவளுடைய இடது காதுக்கு வந்தது. அதே சங்கு, கொஞ்சம் மெலிந்து, ரிசீவருக்குள்ளிருந்து வலது காதுக்கும் வந்தது. கூப்பிடுகிறவன் பக்கத்தில்தான் எங்கோ நிற்கிறான் என்பது அவளுக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது.

ரிசீவரை வைக்காமலேயே எழுந்து வெளியே பார்த்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், டீக்கடையை ஒட்டிப் புதிதாக வந்திருந்த எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவன் நின்றான். அவன் கையிலும் ரிசீவர். அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சங்கு ஓய்ந்த பிறகும் இருவரும் அப்படியே நின்றார்கள். பிறகு அவன் ரிசீவரை அலுங்காமல் வைத்துவிட்டு, தோள் துண்டை உதறி மடித்துப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்து, நிதானமாக ரோட்டைக் கடந்தான்.

தொண்ணூற்றொன்றாம் வருடத்து ஐப்பசி அது. ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சும் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற காஸ் துணிச் சுருளும் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வஞ்சுளவல்லி டைம் கீப்பராக இருந்தாள். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதியில். தினம் காலையில் பஸ் ஏறி வந்து, பெண்கள் வருவதையும் போவதையும் குறித்து, அவர்களுடைய லீவுக்கும் சண்டைக்கும் அழுகைக்கும் காது கொடுத்து, சாயங்காலம் பஸ் ஏறித் திரும்புவாள். அவள் சேலையில் எப்போதும் பிளீச்சிங் பவுடர் வாசனை இருக்கும். துளசித் தீர்த்தம் குடிக்கும்போதுகூட அந்த வாசனைதான் முதலில் வருகிறது என்று அவள் கணவன் சேஷு கேலி செய்வான்.

வந்தவன் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று கும்பிட்டான். ஒல்லியான, சுத்தமான ஆள். எண்ணெய் தேய்த்து வாரிய தலை. இஸ்திரி போட்ட சட்டை.

"அம்மா, கருத்தம்மா இருக்காளா? நான் அவ வீட்டுக்காரன். இருளப்பசாமி."

கருத்தம்மா மடிப்புப் பகுதியில் வேலை பார்க்கிறவள். புருஷனிடம் அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்து, கூட வேலை செய்யும் வெள்ளத்தாய் வீட்டில் தங்கியிருந்தாள். யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லச் சொல்லி அன்று காலையில்தான் வஞ்சுளவல்லியிடம் கெஞ்சியிருந்தாள்.

"இன்னிக்கு வரலை," என்றாள் வஞ்சுளவல்லி.

"சரிங்கம்மா. வந்தா நான் கேட்டேன்னு சொல்லுங்க." கும்பிட்டுவிட்டுத் திரும்பியவன் நின்றான். "நீலச் சேலையில வந்திருக்கா. காலையில அவ உள்ள போகையில பாத்தேன். பொய் சொன்னதுக்காகச் சொல்லலம்மா. உங்களுக்குப் பழக்கம் இல்லைன்னு தெரியுது."

அவன் சிரித்துவிட்டுப் போனான். கோபமே இல்லாத சிரிப்பு.

உள்ளே போய்ச் சொன்னபோது கருத்தம்மா அழவில்லை. தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தவும் இல்லை. சேலைத் தலைப்பைச் சற்று விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். விரல்கள் பதிந்த இடங்கள் நாவற்பழ நிறத்தில் இருந்தன.

"ஆலங்குளத்துல எங்கக்கா இருக்கா. அங்க போயிரட்டாக்கா?"

"பஸ்ஸுல வழிமறிச்சான்னா யார் இருக்கா உனக்கு? இங்க இத்தனை பேர் இருக்கோம். கேட் இருக்கு, வாட்ச்மேன் இருக்கார். நான் பாத்துக்கறேன்."

கருத்தம்மா தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடினாள். "நீங்க சொன்னாச் சரி," என்று மறுபடி துணியை மடிக்கத் தொடங்கினாள்.

அன்று சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் வஞ்சுளவல்லிக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. மேற்கே மலை மேல் கருமேகம் இறங்கிக்கொண்டிருந்தது, ஈர மண்ணும் டீசலும் யாரோ மடியில் வைத்திருந்த மல்லிகைப் பந்தும் கலந்த வாசனை பஸ்ஸுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது, கண்டக்டரின் விசில் கேட்கும்போதெல்லாம் அவள் கண் தானாக மூடித் திறந்தது. ஒரு தடவை திறந்தபோது முன் ஸீட்டுக் கம்பியில் ஒரு இரும்புக் கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது. பஞ்சுப் பொதி தூக்குகிற லோடுமேன்கள் வைத்திருக்கும் கொக்கி. மரப்பிடி வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. முனை மட்டும் பளிச்சென்று இருந்தது. பஸ் குலுங்கியபோதெல்லாம் அது அவள் முழங்காலுக்கு எதிரே ஆடியது.

பக்கத்தில் நின்றவனை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையின் ஓரம் தெரிந்தது. அது போதுமாக இருந்தது.

"மூட்டையில கொக்கி போடுறது எல்லாருக்கும் வராதும்மா," என்றான் இருளப்பசாமி. பக்கத்து ஸீட்டுக்குக்கூடக் கேட்காத குரல். "ஓரத்துல போட்டா சாக்கு கிழிஞ்சிரும். நல்லா நடுவுல போட்டு, கொஞ்சம் திருப்பி இழுக்கணும். அப்ப எம்புட்டு கனம் இருந்தாலும் கூடவே வரும்."

ஊரே இல்லாத ஒரு இடத்தில், இருபுறமும் கரிசல் காடு மட்டும் இருந்த இடத்தில், அவன் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினான். பஸ் திரும்புகிறவரை ரோட்டோரமே நின்றான்.

மறுநாள் விடியற்காலை தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த வெள்ளத்தாயின் தோளில் அவன் கொக்கியைப் போட்டான். நடுவில் போட்டுத் திருப்பினான். குடம் உருண்டு போக, தெருமுனை வரைக்கும் அவளைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனான். ஜனங்கள் கதவைத் திறந்து ஓடி வந்தபோது கொக்கியை உருவிக் குழாயில் கழுவிவிட்டு நடந்து போய்விட்டான்.

"கருத்தம்மா எங்கன்னு கேட்டானா?" ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவளிடம் வஞ்சுளவல்லி கேட்டாள்.

வெள்ளத்தாயின் உதடு வெளுத்திருந்தது. "ஒண்ணுமே கேக்கலக்கா. சும்மா இழுத்தான். இழுக்கையில மூச்சுகூட வாங்கல."

அதன் பிறகு போலீஸ் அவனைத் தேடத் தொடங்கியது. அவன் எங்கேயும் இல்லை. பிளவக்கல் பக்கம் மலையடிவாரத்தில் பார்த்ததாக ஒருவன் சொன்னான். மதுரைக்கு ரயில் ஏறிவிட்டான் என்று இன்னொருவன் சொன்னான்.

கம்பெனியைப் பார்த்துக்கொண்ட வைகுண்டராஜ் நல்ல மனிதர்தான். ஆனால் முதலில் அவர் சொன்னது, "அந்தப் பிள்ளைய வேலைய விட்டு நிப்பாட்டிருவோம்மா. வம்பு வாசலோட போயிரும்," என்பது.

"நிறுத்தினா அவ தெருவுலதான் நிக்கணும். அவனும் தெருவுலதான் நிக்கறான்," என்றாள் வஞ்சுளவல்லி. "வர்றதுக்கு முன்னாடியே நாம தயாரா இருந்தா அவனால ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் யோசித்துச் சம்மதித்தார். ஏற்பாடு முழுக்க அவளுடையது. கருத்தம்மா கம்பெனியை விட்டு வெளியே போகவே கூடாது. ராத்திரி சாப்பாட்டு அறையிலேயே படுத்துக்கொள்ளலாம். கேட் எப்போதும் பூட்டியிருக்க வேண்டும். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த வாட்ச்மேன் குருசாமி அவனைப் பார்த்த மாத்திரத்தில் மணியை அடிக்க வேண்டும். மணி கேட்டதும் மற்றப் பெண்கள் தறிக்கூடத்தில் ஒன்றாகக் கூடிவிட வேண்டும். வஞ்சுளவல்லி கருத்தம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்பக்கத்துப் பஞ்சு கோடவுனில் விட்டு வெளியே பூட்ட வேண்டும். சாவி அவள் இடுப்பில் இருக்கும். போலீஸ் வருகிறவரை அவள் அதை யாரிடமும் தரக் கூடாது.

ஒரு நாள் ஒத்திகையும் பார்த்தார்கள். மணி அடித்தது. பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். வஞ்சுளவல்லியும் கருத்தம்மாவும் கோடவுனுக்குள் போனார்கள், குருசாமி வெளியிலிருந்து இரும்புக் கதவைச் சாத்தினார். கூரைவரை அடுக்கிய பொதிகளுக்கு நடுவே ஒரு ஆள் நுழையும் சந்துகள் மட்டும் இருந்தன, ஒரு பக்கம் அனுப்புவதற்குத் தயாரான காஸ் சுருள்கள் அட்டைப் பெட்டிகளில் நின்றன, எங்கிருந்தோ கசிந்த மங்கல் வெளிச்சத்தில் பஞ்சுத் தூசி மிதந்தது. தறிச் சத்தம் கதவோடு அறுந்து போயிற்று. பேசினால் வார்த்தை வாயிலிருந்து இறங்கி அங்கேயே விழுந்தது.

"கத்திப் பாரு," என்றாள் வஞ்சுளவல்லி.

கருத்தம்மா தயங்கினாள். பிறகு கத்தினாள். விளையாட்டுக்குத் தொடங்கியது விளையாட்டாக முடியவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை இறுக்கி, நெடுநேரம் கத்தினாள்.

கதவைத் திறந்த குருசாமி திருப்தியாக மீசையைத் தடவிக்கொண்டார். "உள்ள கத்துனியளா? எனக்கு ஒண்ணுமே கேக்கலையே. ஒரு பொட்டுச் சத்தம் வெளிய வரல. அம்புட்டுப் பத்திரம்."

கருத்தம்மா அவரைப் பார்த்தாள்.

நாட்கள் போயின. அவன் வரவில்லை. வராதது வந்ததைவிட மோசமாக இருந்தது. மாட வீதியில் கோயில் யானை போகும் மணிச்சத்தம் கேட்டால் வஞ்சுளவல்லி எழுந்து உட்கார்ந்தாள். பஸ்ஸில் துண்டு போட்ட தோள் எதைப் பார்த்தாலும் இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறினாள். சேஷு, வேலையை விட்டுவிடேன் என்று சொல்லிப் பார்த்தான். "அவ அங்கயே இருக்காளே," என்றாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம். காலையிலிருந்தே வானம் தாழ்ந்து கூரைமேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பஞ்சு லாரி வந்தது. கோடவுனின் பின்ஷட்டரைத் திறந்துவிட்டார்கள். சாக்கைக் கொங்காணி மாதிரி தலைக்குப் போட்டுக்கொண்ட லோடுமேன்கள் பொதிகளை இறக்கினார்கள். தகரத்தில் மழை அறைந்த சத்தத்தில் ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்கவில்லை. இறக்கி முடித்து அவர்கள் லாரியில் தாவி ஏறிப் போன பிறகு, வஞ்சுளவல்லி குடையோடு போய் ஷட்டர் பூட்டை இழுத்துப் பார்த்தாள். பூட்டு நன்றாக விழுந்திருந்தது.

அவள் தன் அறைக்குத் திரும்பி ஈரக் காலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது.

தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கடைசித் தறி நின்றதும் மழைச் சத்தமும் பெண்கள் செருமுவதும் மட்டும் மிஞ்சின. இத்தனை வருடமும் காதுக்குள் இருந்த இரைச்சல் போனதும் எங்கும் யாரோ காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

மணி அடித்தது.

விட்டு விட்டு அல்ல. நிற்காமல். வெறி பிடித்த மாதிரி.

அவளுக்கு எல்லாம் தெளிவாக ஞாபகம் இருந்தது. கால் தானாக ஓடியது. மடிப்பு மேஜையில் கருத்தம்மா ஏற்கனவே எழுந்து நின்றிருந்தாள். வஞ்சுளவல்லி அவள் மணிக்கட்டைப் பற்றி இழுத்தாள். மற்றவர்கள் தறிக்கூடத்துக்கு ஓடும் காலடிகள் பின்னால் கேட்டன. நடையில் இருட்டு. ஈரச் சுவர் வாசனை. கோடவுன் கதவு.

வாசலில் கருத்தம்மா நின்றுவிட்டாள்.

"உள்ள இருட்டா இருக்குக்கா."

"செத்த நேரம்தான்."

"நீங்களும் வாங்க."

"நான் வெளியில இருக்கணும், கருத்தம்மா. சாவி என்கிட்ட இருக்கணும். போ."

"ஆலங்குளத்துக்கே போயிருக்கலாம்," என்றாள் கருத்தம்மா மெதுவாக. கதவு நிலையைப் பிடித்திருந்த அவள் விரல்களை வஞ்சுளவல்லி ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். தள்ளிக் கதவைச் சாத்தினாள். பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள்.

கேட்டுக்கு ஓடினாள். கேட் பூட்டியிருந்தது. குருசாமி கம்போடு நின்றார். ரோட்டில் மழையைத் தவிர யாரும் இல்லை.

"எங்க அவன்?"

"ஆளக் காணலம்மா. அவன் சைக்கிளு நிக்கு." கேட் கம்பி வழியாகக் கம்பை நீட்டினார். டீக்கடைச் சுவரில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. "கருத்தம்மா சொன்ன மாதிரியே ஹேண்டில்ல பச்சைத்துணி சுத்தியிருக்கு பாருங்க. அவனுதுதான். மழை மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. இப்பத்தான் கண்ணுல பட்டது."

டீக்கடைக்காரர் கூரைக்கு அடியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். வஞ்சுளவல்லி கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்திக் கேட்டாள். "அண்ணாச்சி, அந்த சைக்கிள்காரன் எப்ப வந்தான்?"

"அதுவா? அது லாரி வந்தப்பவே நிக்குதே."

"ஆளு?"

"லாரி கேட்டுல திரும்பையில பின்னாடி தொத்தி ஏறுனாரு. லோடுமேன்தான?"

மழை பெய்துகொண்டே இருந்தது. சாக்குக் கொங்காணிகள். குனிந்த தலைகள். லாரியில் தாவி ஏறியவர்களை அவள் பார்த்தாள். எத்தனை பேர் என்று பார்க்கவில்லை. முகத்தைப் பார்க்கவில்லை. பூட்டைத்தான் இழுத்துப் பார்த்தாள்.

அவன் வெளியே போகவில்லை.

"பின்ஷட்டர்," என்றாள் குருசாமியிடம். கையைக் காட்டினாள். அவருக்குப் புரிந்துவிட்டது. கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினார். அவள் உள்ளே ஓடினாள்.

நடை. இருட்டு. இவ்வளவு நீளமா இது. வழுக்கி முழங்கால் தரையில் மோதியது. எழுந்தாள். ஓடினாள்.

கதவு.

சத்தம் இல்லை.

அவள் காதைக் கதவில் வைத்தாள். குளிர்ந்த இரும்பு. தன் ரத்தம் ஓடும் இரைச்சல். வேறு ஒன்றும் இல்லை. தூங்குகிற வீட்டின் கதவு மாதிரி இருந்தது. ஒருவேளை. ஒருவேளை அவன் லாரியோடு போயிருக்கலாம்.

அப்போது உள்ளங்கையில் அது தெரிந்தது. சத்தம் இல்லை. அதிர்வு. கதவின் அடிப்பக்கம் ஏதோ வந்து வந்து மோதியது. மெத்தென்று. ஒரே சீராக. யாரோ குதிகாலால் உதைக்கிற மாதிரி.

சாவி. இடுப்பில் சேலை ஈரத்தில் ஒட்டியிருந்தது. முடிச்சு அவிழவில்லை. பல்லால் இழுத்தாள். சாவி கீழே விழுந்தது. தரையைத் துழாவினாள். அடிகள் வந்துகொண்டிருந்தன. சாவி கிடைத்தது. துவாரம் கிடைக்கவில்லை. அடிகள் மெலிந்தன. துவாரம். திருப்பினாள். தப்பான பக்கம்.

அடிகள் நின்றன.

பூட்டு திறந்தது.

கதவைத் தள்ளினாள். ஏதோ தடுத்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். தடுத்தது வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. செருப்பு மாட்டிய ஒரு கால்.

வெள்ளை. எங்கும் வெள்ளை. எங்கிருந்தோ கசிந்த மங்கல் வெளிச்சம் அதன் மேல் விழுந்தது. அடிப் பொதிகள் மட்டும் வெள்ளையாக இல்லை. தரையில் கிடந்ததைப் பஞ்சு உறிஞ்சிக்கொண்டிருந்தது. அவள் பார்க்கப் பார்க்கச் சிவப்பு ஓசையில்லாமல் மேலே ஏறியது.

அவன் ஒரு பொதியின் மேல் உட்கார்ந்திருந்தான். கொங்காணியை மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தான். கருத்தம்மாவின் தலை அவன் மடியில் இருந்தது. அவன் அவளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். அட்டைப் பெட்டியைக் கிழித்து எடுத்த சுருள்கள் காலடியில் கிடந்தன. நெற்றியிலிருந்து தாடைவரை, கண், மூக்கு, வாய் எதையும் விடாமல், சுருக்கம் இல்லாமல், ஒரு சுற்றின் மேல் பாதியாக அடுத்த சுற்று விழும்படி. ஒரு சுற்று வெள்ளையாக விழும். சிவப்பு வரும். அவன் அடுத்த சுற்றைப் போடுவான்.

நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அதே சிரிப்பு.

"நிக்க மாட்டேங்குதும்மா," என்றான். "அந்தப் பெட்டியில இன்னொரு சுருள் இருக்கும். எடுத்துக் குடுங்க."

அவள் நகரவில்லை. பின்ஷட்டரை யாரோ வெளியிலிருந்து அடிப்பது எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. அவள் கண் அவன் மடியை விட்டு வரவில்லை.

வாய் இருக்கவேண்டிய இடத்தில் துணி லேசாக உள்ளே குழிந்தது. மெல்ல வெளியே வந்தது. மறுபடி குழிந்தது.

இருளப்பசாமி அதைப் பார்த்தான். பரிவாக, கையிலிருந்த துணியை இழுத்து, அதன் மேல் இன்னொரு சுற்றுச் சுற்றினான்.